மலை இறங்கிய மூன்றாம் நாள் தொடை வலி: பார்த்ததைச் சொல்லுங்கள்

மலையேற்றக் குழு:
சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும், இறங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டே வருவார்கள். மறுநாள் தொடையில் லேசான பிடிப்பு. அதற்கடுத்த நாள்தான் கூத்து, இந்தியன் டாய்லெட்டில் குந்த முடியாது. பழக்கமில்லாதவர்களில் பலருக்கு இப்படித்தான்.

பிசியோ:
காரணம் இறக்கம். மேல்படியில் ஊன்றிய காலைக் கவனியுங்கள். முழங்கால் மடங்க மடங்க, முன்தொடைத் தசை சுருங்கப் பார்த்துக்கொண்டே நீள்கிறது; உடம்புக்கு அதுதான் பிரேக். தசை இழைக்குள் மயோசின், ஆக்டின் என்று இரண்டு புரதங்கள் உண்டு; ஒன்றையொன்று பிடித்து இழுத்துத்தான் தசை சுருங்கும். மயோசின் தலைகள் ஆக்டினைப் பிடித்திருக்கும்போதே உடல் எடை அந்தப் பிடியைப் பிய்த்து இழுக்கும். ஏறுவதைவிடக் குறைவான இழைகளே இதில் வேலை செய்வதால் ஒவ்வொன்றின் மேலும் பாரம் கூடுகிறது. ஆக்ஸிஜன் செலவோ குறைவு. அதனால் மூச்சு வாங்காது, ஏமாந்துவிடுகிறோம். சேதமான இடத்தில் அழற்சி வந்து வலி உச்சத்தைத் தொட 24 முதல் 72 மணி நேரம் ஆகும்.

இந்த வலிக்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது ஏறும்போதுதான் அதிகம் சேரும், ஓரிரு மணி நேரத்தில் கரைந்தும் போகும்.

உடற்கல்வி ஆசிரியர்:
இரண்டு வாரம் முன்பே பழக்கலாம். 15 செ.மீ. உயரப் படியில் ஒரு காலில் நின்று, மறு குதிகால் தரையைத் தொடும்வரை 3 நொடி எடுத்து இறங்க வேண்டும். காலுக்கு 8 முறை, 2 சுற்று, வாரம் இரண்டு நாள் போதும். லேசாக ஒருமுறை செய்தாலே அடுத்த சில வாரங்களுக்குத் தசை தாங்கும். பெரும்பாலோர் கடைசி நொடியில் தொப்பென்று காலை விடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியில்தான் பாரமே அதிகம். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் இடுப்புப் பக்கத் தசைக்குப் பலம் போதவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படி உயரத்தைப் பாதியாக்குங்கள்.

பிசியோ:
வலி வந்தபின் மெதுவாக நடந்தால் கொஞ்சம் இளகும். தைலம் போட்டு அழுத்திப் பிசைய வேண்டாம். தசையில் இல்லாமல் மூட்டிலேயே வலியும் வீக்கமும் இருந்தால் அது வேறு சங்கதி, காட்டிவிடுங்கள். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி. சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.