பணகுடி பக்கம் புது வீடு: சோலார், பேட்டரிக்கு யோசனை சொல்லுங்கள்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கம் வீடு கட்டுகிறோம். மேல்தளம் கான்கிரீட் போட்டாயிற்று, வயரிங் இனிமேல்தான். இப்போதே முடிவு செய்தால் பூசிய சுவரைப் பிறகு வெட்ட வேண்டியிருக்காது.

3 கிலோவாட் பேனல் என்று கணக்கு. நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். அதற்கு மேல் பேனலைக் கூட்டினாலும் மானியம் கூடாது. வெறும் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைப்பது) போட்டால், கரண்ட் போனதும் பட்டப்பகலில்கூட அதுவும் நின்றுவிடும். அதனால் பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும், 5 யூனிட் கரண்ட் பிடிக்கும் லித்தியம் பேட்டரியும் நினைத்திருக்கிறேன்.

சிக்கல் போர் மோட்டார்தான். ஒன்றரை எச்பி. ஓடும்போதே 1.1 கிலோவாட்டுக்கு மேல், கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதையும் ஏசியையும் விட்டுவிட்டு ஃபேன், லைட், ஃப்ரிட்ஜை மட்டும் தனி டிபியில் (கரண்ட் பிரிக்கும் பெட்டியில்) பிரித்துப் பேட்டரிக்குக் கொடுக்கலாமா? அப்படிச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் காற்று. ஆடியில் இங்கே அடிக்கிற காற்று உங்களுக்கே தெரியும், சும்மாவா சுற்றிலும் காற்றாலை நட்டிருக்கிறான்! சோலார் போடுகிறவரோ எட்டடி உயரத்துக்குக் கம்பி நிறுத்தி அதன்மேல் பேனலை வைக்கலாம், கீழே வற்றல் காயப்போடலாம் என்கிறார். வற்றலோடு பேனலும் பறந்துவிட்டால்? தெற்குப் பார்த்து, 10 டிகிரி சாய்வில் தாழ்வாக வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் உயரமாகப் போட்டவர்கள் அடித்தளம் எப்படிக் கட்டினீர்கள்? தளம் ஒழுகவில்லையே?

பேட்டரியைத் தார்சாவில் (முன்கூடத்தில்) வைப்பதா, மாடிப்படிக்கு அடியிலா? தார்சா மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் நேராக விழும்.