மறு: கிரிப்டிக் ஸ்பீஷீஸ்: தமிழில் என்ன சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கானது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரபணு வேறுபாடு, பரிணாமம், பொது மூதாதை எல்லாம் சிக்கலின்றி ஓடிவிட்டன. ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறேன்: கிரிப்டிக் ஸ்பீஷீஸ். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், டி.என்.ஏ.வைப் பார்த்தால் தனித்தனிச் சிற்றினங்கள். இப்போதைக்கு 'மறைசிற்றினம்' என்று போட்டிருக்கிறேன். 37 இடங்களில் வருகிறது. உங்கள் கருத்து வேண்டும்.

*

தம்பிக்கு,

'மறைசிற்றினம்' வினைத்தொகை. ஆகவே ஒற்று மிகாது, அது சரி. ஆனால் அச்சகத்தில் யாரேனும் ஒரு 'ச்' சேர்த்து 'மறைச்சிற்றினம்' ஆக்கிவிட்டால் மறையாகிய வேதத்துக்கு உரிய சிற்றினம் என்று பொருள்படும். ஒரு மெய்யெழுத்தை நம்பி ஒரு கலைச்சொல்லை நிறுத்தலாமா?

என் பரிந்துரை 'கரந்துறை சிற்றினம்'. நம் சித்திரக்கவிகளில் 'கரந்துறை செய்யுள்' உண்டு. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு ஒன்றுதான் தெரியும், எழுத்தெழுத்தாகப் பிரித்தால்தான் மற்றது வெளிப்படும். மரபணுவையும் எழுத்தெழுத்தாகத்தானே படிக்கிறீர்கள்? இதைவிடப் பொருத்தமான உவமை எம்மொழியில் கிடைக்கும்? 'உறை சிற்றினம்' என்பதில் உறைந்த, உறைகின்ற, உறையும் என முக்காலமும் அடங்கும். கரத்தல் வேரிலிருந்தே கரப்பான் பூச்சி வந்தது என்பது என் துணிபு. வெளிச்சம் பட்டதும் கரந்துவிடுவதால் கரப்பான். 'கரவு', 'கரவடம்' இவையும் அவ்வழியே. விரிவாகப் பின்னர் எழுதுகிறேன்.

*

ஐயா, வணக்கம். கரந்துறை செய்யுள் உவமை அழகு. வகுப்பில் நிச்சயம் சொல்வேன். ஆனால் சொல்லாக ஏற்க முடியவில்லை. காரணத்தைக் காட்டிலிருந்தே சொல்கிறேன்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய இரவு. சோலைக்காட்டின் விளிம்பில் ஒரு புதர். முதுகில் நீர் வழிய நின்று டார்ச் அடிக்கிறேன். இலைமேல் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தவளை, தொண்டைப் பை கண்ணாடிக் குமிழ்போல் உப்பி டிக் டிக் டிக் என்று கத்துகிறது. இரண்டடி தள்ளி இன்னொன்று. அதே பழுப்பு, அதே உருவம். ஆனால் அது இழுத்து 'ட்ரீர்ர்' என்கிறது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எனக்கு வேறுபாடு தெரியாது. பஞ்சுக்குச்சியால் வாயில் தடவி எடுத்துப் போய் சிற்றினங்களைப் பிரித்தறிய உதவும் 16எஸ் என்ற மரபணுவைப் படித்தால்தான் இரண்டும் வேறு என்று உறுதியாகும்.

இதில் எந்தத் தவளை ஒளிந்தது? தன் பெயரைத் தானே கூவிக்கொண்டு நடு இலையில் உட்கார்ந்திருக்கிறது. நம் கண் போதவில்லை, அவ்வளவுதான். கரத்தல், மறைதல், ஒளிதல் எதைப் போட்டாலும் குற்றம் தவளை மேல் விழுகிறது. 'களவறிந்தார் நெஞ்சில் கரவு' என்று வள்ளுவரே கரவை வஞ்சகத்தோடு வைத்திருக்கிறார். மேலும் மாணவர் 'மறை' என்றதும் இலை நிறத்தில் பதுங்கும் பூச்சியைத்தான் நினைப்பார். அது உருமறைப்பு, முற்றிலும் வேறு செய்தி.

நான் சொல்வது: 'உருவொத்த சிற்றினங்கள்'.

*

அம்மா சொன்ன 'உருவொத்த' என்பது பெயரெச்சத் தொடர். விளக்கமாகுமே தவிரக் கலைச்சொல் ஆகாது. அதோடு ஒருமையில் எப்படிச் சொல்வீர்கள்? 'இது ஓர் உருவொத்த சிற்றினம்' என்றால் எதனோடு ஒத்தது என்ற கேள்வி தொங்கி நிற்கும்.

தங்கள் புதரைப் படித்ததும் நினைவு வந்தது. 'மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்' என்கிறது பழமொழி நானூறு. மறைந்து கிடந்ததைக் காட்டிக்கொடுத்தது குரல்! ஆகவே 'நுணலினம்' என்றே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. குறுந்தொகை 193-இல் அரிசில்கிழார் குறுகிய வாயுடைய சுனையில் கத்தும் தேரையைத் 'தட்டைப் பறையிற் கறங்கும்' என்கிறார். தினைப்புனத்தில் கிளி விரட்டும் மூங்கில் கருவி அது. தேரைக்கு நிறம் சொல்லவில்லை, வடிவத்துக்கும் 'பகுவாய்' (பிளந்த வாய்) என்ற ஒரு சொல்தான். ஒலியைக் கேட்டே அடையாளம் கண்டிருக்கிறார். நுணல், தேரை, தவளை மூன்றும் வெவ்வேறா ஒன்றா என்பதைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

*

நுணல் என்றதும் ஊதாத் தவளையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஐயா. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கறையான் தின்று கிடக்கும்; இனப்பெருக்கத்துக்குச் சில நாள் மட்டும் மேலே வரும். பாதாளத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை வரும் மகாபலியை நினைத்து மலையாளத்தில் மாவேலித் தவளை என்பது அதனால்தான். அதன் தலைப்பிரட்டையை 1918-லேயே விலங்கியலாளர்கள் அன்னண்டேலும் நாராயண ராவும் விவரித்துவிட்டார்கள். வளர்ந்த தவளையைப் பிஜுவும் பொஸ்யுட்டும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது 2003-இல். அதன் மிக நெருங்கிய உறவு செய்ஷெல்ஸ் தீவுகளில்! கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டம் உடைந்தபோது பிரிந்த கிளைகள்.

நம் விவாதத்துக்கு வேண்டியது 2017-இல் நடந்தது. மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்ப் பக்கம், இரண்டாவது ஊதாத் தவளை விவரிக்கப்பட்டது. மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரால் 'நாசிகாபட்ராகஸ் பூபதி'. மேற்குச் சரிவிலுள்ளது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடுகிறது. இது வடகிழக்குப் பருவமழையில். குரல் வேறு, மரபணு வேறு. ஒரே மலை, இரண்டு மழை, இரண்டு தவளை.

ஒருமைச் சிக்கல் பற்றி: எந்தச் சிற்றினமும் தனியே 'கிரிப்டிக்' ஆக முடியாதே, ஐயா. இன்னொன்றோடு சேர்த்து வைத்தால்தான் அந்தப் பெயரே. ஆகவே பன்மையில்தான் வரவேண்டும் என்பது குறையில்லை, பொருளே அதுதான்.

'உடன்பிறப்புச் சிற்றினம்' என்று இன்னொரு அன்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அது வேண்டாம். ஒத்த உருவுடையவை நெருங்கிய உறவாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

*

வணக்கம். இலங்கையில இருந்து ஒரு குறிப்பு. எங்கட பாடநூல்களில ஸ்பீஷீஸ் எண்டால் 'இனம்', ஜீனஸ் எண்டால் 'சாதி'. நீங்கள் 'சிற்றினம்' எண்டு போட்டால் எங்கட பிள்ளைகள் அதை ஏதோ உட்பிரிவு எண்டு விளங்கிக்கொள்ளுவினம். இரண்டு கரைக்கும் பொருந்துற சொல்லாகப் பாருங்கோ.

தவளை விசயத்தில இரண்டு கரையும் பொருந்தேல்லைத்தான். பனியுகங்களில கடல்மட்டம் இறங்கி நிலப்பாலம் இருந்தும் பெரும்பாலான தவளைக் கிளைகள் அங்கிட்டும் இங்கிட்டும் கலக்கேல்லை எண்டு 2004-இல் வந்த ஆய்வு காட்டினது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாய் வெளிவாற புதர்த்தவளைகள் இங்க மழைக்காடுகளில எக்கச்சக்கம். 2002-இல் மரபணுவைப் படிச்ச பிறகுதான் தீவின்ர தவளை இனங்கள் 100-ஐத் தாண்டும் எண்டு தெரியவந்தது. அதுவரைக்கும் ஒண்டெண்டு நினைச்சது பலதாய்ப் பிரிஞ்சது. அழிஞ்சுபோன சிலதை அருங்காட்சியகப் போத்தல்களிலதான் கண்டுபிடிச்சினம். பேர் வைக்க முன்னமே போயிட்டுது. சொல்லில்லாமல் இருக்கிறதால வாற நட்டம் அது.

*

அனைவருக்கும் நன்றி. கடைசி மடலின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். இதுவரை கருத்துச் சொன்ன 11 பேரில் 6 பேர் 'மறைசிற்றினம்' போதும் என்கிறார்கள், பெரும்பாலும் பழகிவிட்டது என்பதற்காக. 3 பேர் 'உருவொத்த', ஒருவர் 'கரந்துறை', ஒருவர் 'கிரிப்டிக்' என்றே விடச் சொல்கிறார். 'மறைசிற்றினம்' என்றே வைக்கிறேன், ஒற்றில்லாமல். முதல் இடத்தில் அடிக்குறிப்பு: 'இங்கே மறைந்திருப்பது தவளையன்று, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.' இலங்கை வழக்கையும் அதிலேயே சேர்த்துவிட்டேன்.

*

தம்பி, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். 'கரந்துறை' மீதான என் கருத்தில் மாற்றமில்லை. கரவு வேர் பற்றிய கட்டுரையை ஞாயிறன்று இடுகிறேன்.

*

அடிக்குறிப்பை மாணவர்கள் படிப்பதில்லை. பத்தாண்டாக வகுப்பில் பார்க்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். 12-ஆம் பக்கத்தில் இரண்டு புதர்த்தவளைகளின் படம் அடுத்தடுத்து இருக்கிறதல்லவா, அதன் கீழாவது 'உருவொத்த இரு சிற்றினங்கள்' என்று போடுங்கள். அங்கே மறைவதற்கு ஒன்றுமில்லை, இரண்டும் நேரே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

*

போட்டுவிட்டேன், அம்மா. 36 இடங்களில் 'மறைசிற்றினம்', அங்கே மட்டும் 'உருவொத்த'.