கொலம்பஸ் புதுவரவுகளுக்கு: 2025 சீசன் தொடங்கும் முன் பக்கைஸ் ரிசீவர்களை எப்படி எடைபோடுவது?

டப்ளின் புதுவரவு:
வணக்கம். வேலைக்காகக் கொலம்பஸ் வந்திருக்கிறேன். ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து அலுவலகத்தில் ஒரே பேச்சு, 30-ஆம் தேதி டெக்சஸுடன் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி (பக்கைஸ்) ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அதிலும் எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவர்களைப் பற்றித்தான் அதிகம். நான்கு முயற்சியில் பத்து யார்டு முன்னேற வேண்டும் என்கிற அடிப்படை புரிந்துவிட்டது. ஆனால் ஓஹாயோ ஸ்டேட்டின் ரிசீவர் வரிசை போன வருடத்தைவிடப் பலமா, பலவீனமா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கேட்ச் எண்ணிக்கை தவிர வேறென்ன பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்த அண்ணன், அக்காமார் கொஞ்சம் விளக்குங்கள்.

சி டெக் வாசி:
வாங்க சகோ. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் போனவர்கள், வலப்பக்கம் இருப்பவர்கள். 2024-ல் இங்கே மூன்று பேர்தான் வேலையில் பெரும்பங்கைச் செய்தார்கள். ஜெரமையா ஸ்மித் 76 கேட்ச், 1,315 யார்டு, 15 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய் எடுக்கும் புள்ளி). எமேக்கா எக்பூக்கா 81 கேட்ச், 1,011 யார்டு, 10 டச்டவுன். கார்னெல் டேட் 52 கேட்ச், 733 யார்டு, 4 டச்டவுன். எக்பூக்காவை, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்டில் டாம்பா பே 19-ஆவது ஆளாக எடுத்துக்கொண்டது. மற்ற இருவரும் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து பிடித்த 209 கேட்சில் 128 திரும்பி வருகிறது, 81 காலியாக நிற்கிறது.

பலரும் இங்கேயே நிறுத்திவிட்டு "ஸ்மித் இருக்கிறார், கவலையில்லை" என்பார்கள். அது போதாது. அந்த 81 எந்த இடத்தில் நின்று பிடித்தவை என்பதுதான் அடுத்த கேள்வி.

ரிசீவர்கள் மூன்று இடங்களில் நிற்பார்கள். எக்ஸ் என்பவர் ஓரத்தில், பந்து வைத்த கோட்டின் மேலேயே நிற்பவர். அவருக்கு எதிரே நிற்கும் கார்னர்பேக் (ஓரத்துத் தடுப்பாட்டக்காரர்) மூக்குக்கு நேராக வந்து நின்று, பந்து கிளம்பிய நொடியிலேயே நெஞ்சில் கைவைத்துத் தள்ளலாம். அதைச் சமாளிக்க உடல்பலமும் கால் வேகமும் வேண்டும். இசட் எதிர் ஓரத்தில், கோட்டிலிருந்து ஒரு யார்டு அளவு பின்வாங்கி நிற்பவர். அந்த இடைவெளியால் அவரை உடனே தள்ளுவது கடினம். பந்து கிளம்பும் முன்பே அவரைப் பக்கவாட்டில் நகர்த்தவும் செய்யலாம். ஸ்லாட் என்பவர் ஓரத்து ரிசீவருக்கும் நடு வரிசைக்கும் இடையே, பின்வாங்கி நிற்பவர். இரண்டு பக்கமும் திரும்ப இடம் இருக்கும். தடுப்பணியின் நடுவில் நிற்கும் லைன்பேக்கரோ, கடைசிக் காவலாகப் பின்னால் நிற்கும் சேஃப்டியோதான் பெரும்பாலும் அவரைத் துரத்த வேண்டியிருக்கும்.

எக்பூக்கா ஸ்லாட். இந்த அணியில் அது எடுபிடி இடம் அல்ல. 2021-ல் காரெட் வில்சன், கிறிஸ் ஒலாவே என்று இரண்டு பேர் ஓரத்தில் நின்றார்கள். அடுத்த டிராஃப்டில் இருவரும் 10, 11-ஆவதாகப் போனார்கள். ஆனால் அந்த வருடம் அதிகம் பிடித்தவர் ஸ்லாட்டில் நின்ற ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா: 95 கேட்ச், 1,606 யார்டு. ஓரத்தில் இருவரை எதிரணி அஞ்சும்போது நடுப்பகுதி திறக்கும். இப்போதும் ஸ்மித்தும் டேட்டும் ஓரத்தில் நிற்கப்போகிறார்கள். ஸ்லாட்டுக்குப் பெயர் அடிபடுவது பிராண்டன் இனிஸ். எனவே உங்கள் கேள்விக்கான விடை ஸ்மித்திடம் இல்லை, இனிஸிடம் இருக்கிறது. முதல் ரிசீவரைப் பார்த்து அணியை எடைபோடாதீர்கள், மூன்றாமவரைப் பாருங்கள்.

டப்ளின் புதுவரவு:
நன்றி அண்ணா. ஆனால் இனிஸ் போன வருடம் மிகக் குறைவாகத்தானே பிடித்திருக்கிறார்? அதை எப்படி எடுத்துக்கொள்வது?

கணக்குப்பிள்ளை:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். கேட்ச் குறைவு என்றால் திறமை குறைவு என்று இல்லை, வாய்ப்பே வராமலும் இருந்திருக்கலாம். கிரிக்கெட்டில் முதல் மூன்று ஆட்டக்காரர்கள் நின்று அடிக்கும் அணியில் ஏழாவதாக இறங்குபவருக்கு ரன் எண்ணிக்கை எப்படி வரும்? ஜேம்சன் வில்லியம்ஸ் இதே ஓஹாயோ ஸ்டேட்டில் 2019, 2020 இரண்டு சீசனும் சேர்த்து 15 கேட்ச்தான். அலபாமாவுக்கு மாறிய 2021-ல் 79 கேட்ச், 1,572 யார்டு, 15 டச்டவுன். மார்வின் ஹாரிசன் ஜூனியர் 2021-ல் 11 கேட்ச், அடுத்த வருடம் 77.

அதனால் கணக்கை வாய்ப்போடு சேர்த்துப் போட வேண்டும். காசு கட்டாமல் வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு இது:

1. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் தளத்தில் அந்த வீரரின் ஆட்டவாரிப் புள்ளிவிவரத்தைத் திறங்கள்.
2. அவர் ஆடிய ஆட்டங்களில் மட்டும் அணி மொத்தம் எத்தனை பாஸ் எறிந்தது என்று கூட்டுங்கள். காயத்தால் உட்கார்ந்த ஆட்டங்களைச் சேர்த்தால் விடை கெட்டுவிடும்.
3. அவருடைய யார்டுகளை அந்த எண்ணால் வகுங்கள். 400 பாஸில் 800 யார்டு என்றால் 2.0.

முழுநேரம் ஆடும் ரிசீவருக்கு 2-ஐத் தாண்டினால் நல்லது, 3-ஐ நெருங்கினால் அபூர்வம். 1-க்குக் கீழே என்றால் அணி அவரை நம்பி எறியவில்லை என்று பொருள். மாற்று ஆட்டக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் பாதி ஸ்னாப்பில் (பந்து கிளம்பி ஒரு முயற்சி தொடங்கும் தருணம்) அவர் களத்திலேயே இல்லை. அவர்களுக்கு ஸ்னாப் எண்ணிக்கை வேண்டும், அது பெரும்பாலும் கட்டணத் தளங்களில்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஆட்டத்தின் முயற்சிவாரிக் குறிப்பில், பிடிபடாமல் போன பந்து யாருக்கு எறியப்பட்டது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அதை எண்ணினால் அவரை நோக்கி வந்த பந்து எத்தனை என்று தெரியும். அணியின் மொத்தப் பாஸில் கால் பங்கு ஒருவருக்கே போகிறது என்றால் அவர்தான் தலைமை ரிசீவர்.

கைக்கு வந்து நழுவவிட்டதை அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரம் சொல்லாது, ஆட்டத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். பிடிக்கக்கூடிய இருபது பந்தில் ஒன்று நழுவினால் பரவாயில்லை. பத்தில் ஒன்று என்றால் மூன்றாவது முயற்சியில் அவரிடம் எறியக் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) தயங்குவார்.

கடைசியாக, எதிரணியைப் பிரித்துப் பாருங்கள். செப்டம்பரில் சிறிய கல்லூரிகளுக்கு எதிராக 150 யார்டு எடுப்பவர்கள் நிறைய. ஸ்மித் 2025 ஜனவரி 1 அன்று நாக்-அவுட் ஆட்டமான ரோஸ் பௌலில் ஆரிகனுக்கு எதிராக 7 கேட்ச், 187 யார்டு, 2 டச்டவுன். அதுதான் எடை உள்ள எண்.

சி டெக் வாசி:
அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஸ்மித், ஜனவரி 10 காட்டன் பௌலில் டெக்சஸிடம் 1 கேட்ச், 3 யார்டு. தாளை மட்டும் பார்த்தால் தோல்வி. ஆட்டத்தைப் பார்த்தால், டெக்சஸ் அவர் பக்கம் சேஃப்டியையும் சாய்த்து இரண்டு பேரைச் செலவழித்தது. மீதி ஒன்பது பேர் மற்ற எல்லோரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. டேட்டும் எக்பூக்காவும் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள், ஓஹாயோ ஸ்டேட் 28–14 என்று ஜெயித்தது. பிடிக்காமலேயே ஒரு ரிசீவர் அணிக்குச் செய்யும் வேலை இது, எந்த அட்டவணையிலும் ஏறாது. 30-ஆம் தேதி வருவதும் அதே டெக்சஸ்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஹில்லியர்டு அக்கா:
எண்களை அவர்கள் சொல்லிவிட்டார்கள். கண்ணால் பார்ப்பதை நான் சொல்கிறேன் தம்பி.

டிவியில் ரிசீவரை எடைபோட முடியாது. கேமரா பந்தின் பின்னால் போகும், ஸ்னாப் ஆன இரண்டே நொடியில் ரிசீவர்கள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். எண்ட் ஸோன் (மைதானத்தின் முனை) பக்கத்திலிருந்து காட்டும் ரீப்ளே வரும்போது மட்டும் கூர்ந்து பாருங்கள். நேரில் போவதாக இருந்தால், 50 யார்டு கோட்டருகே விலை கொடுத்து உட்காருவதைவிட, மேலடுக்கான சி டெக்கில் வடக்கு வளைவுப் பக்கம் வாங்குங்கள். அங்கிருந்து இருபத்திரண்டு பேரும் ஒரே பார்வையில் தெரிவார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரே ரிசீவரைத் தேர்ந்தெடுத்து, முதல் மூன்று நொடி பந்தைப் பார்க்கவே கூடாது. இது பழக ஆட்டத்தின் ஒரு கால்பகுதி ஆகும்.

பார்க்க வேண்டியவை: முதலில் கிளம்பும் விதம். எதிராளி கைவைத்தால் அதைத் தட்டிவிட்டுத் தன் பாதைக்கு வருகிறாரா, அல்லது பக்கவாட்டில் ஓரக்கோட்டை நோக்கித் தள்ளப்படுகிறாரா? தள்ளப்பட்டால் குவாட்டர்பேக்குக்கு எறிய இடமே இருக்காது. இரண்டாவது, திரும்பும் இடம். பத்துப் பன்னிரண்டு யார்டு ஓடித் திரும்பும்போது இரண்டு மூன்று எட்டில் நின்று திரும்பினால் இடைவெளி கிடைக்கும். ஐந்தாறு எட்டு எடுத்து வேகத்தைக் குறைத்தால் எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வேகமான இளம் வீரர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். மூன்றாவது, பந்தை விரல்களால் உடலுக்கு முன்னே பிடிக்கிறாரா, நெஞ்சில் அணைக்கிறாரா. நெஞ்சில் அணைப்பவரிடமிருந்து பின்னால் வருபவர் பந்தைத் தட்டிவிட நேரம் கிடைக்கும்.

பிளாக் செய்வதையும் பாருங்கள். ஓட்டக்காரர் ஓரமாக வரும்போது ரிசீவர் தன் எதிராளியைத் தடுத்து நிறுத்தினால்தான் 8 யார்டு ஓட்டம் 40 ஆகும். அதைச் செய்யாத இளைஞரை எந்தப் பயிற்சியாளரும் களத்தில் நெடுநேரம் விடமாட்டார். பின்னாலிருந்து முதுகில் தள்ளினால் 10 யார்டு அபராதம்.

கல்லூரி மைதானத்தில் இரு ஹேஷ் கோடுகளுக்கும் (பந்தை வைக்கும் பகுதியின் இரு எல்லைகள்) நடுவே 40 அடி. தொழில்முறை ஆட்டத்தில் 18.5 அடிதான். ஆகவே இங்கே பந்து ஒரு ஹேஷில் வைக்கப்பட்டால், ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் இருக்கும். குறுகிய பக்கம் தனியாக நிற்பவர் இடமின்றி, ஒருவரோடு ஒருவர் மோதி ஜெயிக்க வேண்டும். அங்கே யாரை நிறுத்துகிறார்கள் என்பதே பயிற்சியாளரின் நம்பிக்கையைக் காட்டும். எல்லைக்கோட்டருகே பிடிப்பதற்கு இங்கே ஒரு கால் உள்ளே பட்டால் போதும். தொழில்முறை ஆட்டத்தில் இரண்டும் பட வேண்டும்.

ஏப்ரலில் நடந்த வசந்தகால ஆட்டத்தின் எண்களைப் பெரிதாக எடுக்காதீர்கள். குவாட்டர்பேக்கை யாரும் தொடமாட்டார்கள், டிஃபென்ஸ் (தடுப்பணி) எளிய அமைப்புகளைத்தான் காட்டும், முக்கிய வீரர்கள் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். யார் எந்த இடத்தில் நின்றார், முதல் அணியோடு யார் இறங்கினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ரிசீவரை மட்டும் பார்த்தால் பாதி விடைதான். எறிபவர் மாறினால் எல்லாம் மாறும். வில் ஹவர்டு போய்விட்டார். ஜூலியன் சேயின், லிங்கன் கீன்ஹோல்ஸ் இருவருக்கும் போட்டி நடக்கிறது, இருவருமே கல்லூரி அளவில் தொடக்க ஆட்டம் ஆடாதவர்கள். தாக்குதல் திட்டத்தை வகுத்த சிப் கெல்லியும் போய், ரிசீவர் பயிற்சியாளராக இருந்த பிரையன் ஹார்ட்லைன் அந்தப் பொறுப்புக்கு வந்திருக்கிறார். புது குவாட்டர்பேக் முதல் ஆட்டங்களில் பெரும்பாலும் கிட்டத்து ரூட்டுகளைத்தான் (ரிசீவர் ஓடும் பாதைகள்) நம்புவார், ஸ்லாட்டுக்கும், நடு வரிசையின் முனையில் நின்று தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டுக்கும் பந்து கூடும். பர்டூவிலிருந்து வந்த டைட் எண்ட் மேக்ஸ் க்ளேர் போன வருடம் அங்கே 51 கேட்ச் பிடித்தவர். எக்பூக்கா விட்ட 81-ல் ஒரு பங்கு அவருக்கும் போகலாம், எல்லாம் இனிஸ் தலையில் விழாது.

எதிர்ப்பக்க உதாரணம்: ஜோர்டன் ஆடிசன் 2021-ல் பிட்ஸ்பர்க்கில் 100 கேட்ச், 1,593 யார்டு. யுஎஸ்சிக்கு (தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம்) மாறிய 2022-ல் 59 கேட்ச், 875 யார்டு. ஆள் அதே ஆள்தான். பந்தைப் பங்கிட ஆட்கள் கூடினார்கள், சில ஆட்டங்களைக் காயத்தால் தவறவிட்டார்.

டப்ளின் புதுவரவு:
காயம் என்றதும் கேட்கிறேன், எத்தனை பேர் இருந்தால் ஆழம் போதும் என்பார்கள்? அலுவலகத்தில் யார்டு கணக்கில் பந்தயம் கட்டலாமா என்றும் ஒருவர் கேட்டார்.

சி டெக் வாசி:
களத்தில் பெரும்பாலும் மூவர். சுழற்சிக்கு ஆறு பேர் நம்பகமாக வேண்டும். ஓஹாயோ ஸ்டேட் போன சீசனில் 16 ஆட்டம் ஆடியது, மூன்று பேரை வைத்து ஓட்ட முடியாது. 2022-ல் ஸ்மித்-என்ஜிக்பா தொடைத்தசைக் காயத்தால் 3 ஆட்டம், 5 கேட்சோடு முடிந்தார். ஆனாலும் ஹாரிசனும் எக்பூக்காவும் தலா 1,100 யார்டுக்கு மேல் எடுத்தார்கள். ஆழம் என்றால் அது. இந்த வருடம் நான்காவது, ஐந்தாவது இடத்துக்கு மைலன் கிரஹாம், பிரைசன் ராட்ஜர்ஸ் போன்றோரைக் கவனியுங்கள். முதலாண்டு மாணவர்கள் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் ஒரு வருடத் தகுதியை இழக்கமாட்டார்கள். ஆகவே செப்டம்பரில் தலைகாட்டிவிட்டு அக்டோபரில் காணாமல் போனால் காயம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

பந்தயம் வேண்டாம் சகோ. ஓஹாயோவில் பந்தயம் சட்டப்படி உண்டு, ஆனால் கல்லூரி வீரர் ஒருவரின் தனிப்பட்ட யார்டு, கேட்ச் மீது பந்தயம் ஏற்பதை மாநிலம் 2024-லேயே நிறுத்திவிட்டது. களத்தில் இருப்பவர்கள் இருபது வயது மாணவர்கள். பந்தயத்தில் தோற்றவர்கள் அவர்களை இணையத்தில் மிரட்டியதால் வந்த தடை அது.

30-ஆம் தேதி நண்பகல் ஆட்டத்தில் இதை மட்டும் எண்ணுங்கள்: மூன்றாவது முயற்சியில் 5 யார்டுக்கு மேல் தேவைப்படும்போது ஸ்மித் பக்கம் இரண்டு பேர் சாய்ந்தால், பந்து யாருக்குப் போகிறது, அவர் பிடிக்கிறாரா. ஏழெட்டு முறையாவது அந்த நிலை வரும்.