அல்பைன் போர்டுக்கு நானே செய்த அதிர்வு தடுக்கும் பிளேட்: ரப்பர் வைத்தும் நடுக்கம் குறையவில்லை, உதவி தேவை

சென்காலன்_கார்வர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சுவிஸில் இருக்கிறேன். ஹார்ட் பூட் (கெட்டியான பிளாஸ்டிக் பூட்) போட்டு அல்பைன் ஸ்னோபோர்டில் கார்விங் (போர்டைச் சாய்த்து ஓரத்தால் பனியை வெட்டி வளைவது) செய்கிறவன், பெரும்பாலும் ஃப்ளும்சர்பெர்க்கில். போர்ட் 175 செ.மீ., நடு அகலம் 19 செ.மீ., என் எடை 75 கிலோ.

மார்ச் மாதக் காலைகளில் பனி கல் மாதிரி இருக்கும். முதல் நாள் வெயிலில் உருகி, இரவில் இறுகிய பனி. அதில் வேகமாக எட்ஜ் (போர்டின் ஓர விளிம்பு) போட்டால் நடுக்கம் பூட் வழியாக முழங்கால் வரை ஏறுகிறது. வளைவின் பிற்பாதியில் எட்ஜ் விட்டு விட்டுப் பிடிக்கிறது. இந்த நடுக்கத்தைக் குறைக்க பூட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் வைக்கிற பிளேட் கடையில் கிடைக்கும், ஆனால் எல்லாம் யானை விலை. அதனால் நானே செய்து பார்த்தேன்.

ஒவ்வொரு பைண்டிங்குக்கும் (பூட்டைப் போர்டோடு பூட்டுகிற கருவி) கீழே 6 மி.மீ. தடிப்பில் 6061 ரக அலுமினியத் தகடு, 16 செ.மீ.க்கு 12 செ.மீ. தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் அதே அளவில் 5 மி.மீ. பாலியூரித்தேன் (ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்) ஷீட். அதிர்வை நன்றாக உறிஞ்சும் என்று சொல்லித்தான் விற்றார்கள். நீளமான நான்கு எம்6 போல்ட்கள் பைண்டிங், தகடு, ஷீட் எல்லாவற்றையும் ஊடுருவிப் போர்டின் இன்சர்ட்டில் (போர்டுக்குள் பதித்த மரைத்துளை) இறங்குகின்றன.

பலன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நடுக்கம் அப்படியே இருக்கிறது. குளிரான காலையில் இன்னும் மோசம், மத்தியானம் கொஞ்சம் பரவாயில்லை. போல்ட்களை எவ்வளவு இறுக்கினாலும் சில மணி நேரத்தில் தளர்கின்றன. இன்னும் தடித்த ஷீட் வாங்குவதா, வேறு ரப்பரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மியூனிக்_மெக்கானிக்கல்:

வணக்கம் நண்பரே. பனிச்சறுக்கு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மெஷின்களுக்கு ரப்பர் மவுண்ட் டிசைன் செய்வதுதான் என் தொழில். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிக்கும் காரணம் இருக்கிறது.

முதல் காரணம் போல்ட். ரப்பருக்கு மேலே இருக்கிற தகட்டைப் போல்ட்டின் தலை நேராகப் போர்டோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. அதிர்வு ரப்பர் வழியாக வரவேண்டிய அவசியமே இல்லை, இரும்பு வழியாக ஏறிவிடும். பைக்கில் பெட்ரோல் டேங்க் பிடிக்கிற இடத்தைப் பாருங்கள். போல்ட் ஒரு இரும்புக் குழாய்க்குள் இறங்கும், இறுக்கம் அந்தக் குழாயோடு நின்றுவிடும், டேங்க் ரப்பர் மேல் மிதக்கும். உங்களுக்கும் அதே அமைப்புதான் வேண்டும். போல்ட் தளர்வதும் இதனால்தான். அழுத்தத்தில் பாலியூரித்தேன் மெதுவாகத் தொய்ந்து கொடுக்கும், அந்த அளவுக்கு இறுக்கம் போய்விடும். எந்தப் பசை போட்டும் இதைத் தடுக்க முடியாது.

இரண்டாவது காரணம் ஷீட்டின் வடிவம். ரப்பரை அமுக்கினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். 16க்கு 12 செ.மீ. ஷீட் 5 மி.மீ. தடிப்பில் எங்கே பிதுங்கும்? ஓரத்தில் மட்டும்தான். நடுப்பகுதி கிட்டத்தட்ட மரக்கட்டை. ஷீட்டை எடுத்துவிட்டு, சுற்றிலும் இடம் விட்டு நான்கு சின்ன வட்டத் துண்டுகள் வையுங்கள்.

இப்போது கணக்கு. எந்த மவுண்டும் தன் இயல்பு அதிர்வெண்ணைப் (எடையோடு தானாக ஆடுகிற வேகம்) போல சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வைத்தான் குறைக்கும். அதற்குக் கீழே ஒன்றும் குறையாது, சில இடத்தில் கூடும். பனியில் மேடுபள்ளம் 30 செ.மீ. இடைவெளியில் இருந்து, நீங்கள் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போனால், நொடிக்கு 15 மீட்டர், அதாவது நொடிக்கு 50 மேடு, 50 ஹெர்ட்ஸ். ஒரு மீட்டர் இடைவெளி என்றால் 15 ஹெர்ட்ஸ். அந்த 15 ஹெர்ட்ஸைத் தடுக்க மவுண்ட் 10 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் நீங்கள் சும்மா நின்றாலே ரப்பர் 2.5 மி.மீ. அமுங்கும், வளைவில் உடல் எடை இரண்டு மடங்காகும்போது 5 மி.மீ. அதில் யாராலும் எட்ஜ் போட முடியாது. அந்த வேலையை முழங்காலே செய்யட்டும். 25 ஹெர்ட்ஸ் மவுண்ட் என்றால் நின்ற நிலையில் 0.4 மி.மீ.தான் அமுங்கும், 35க்கு மேலே உள்ள நடுக்கம் குறையும். இதை இலக்காக வையுங்கள்.

ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைச் சொல்கிற அளவுகோல்) 40 கடினத்தில் 30 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிப்பும் உள்ள நான்கு துண்டுகள் ஒரு பைண்டிங்குக்கு வைத்தால் தோராயமாக அங்கே வரும். தோராயம்தான். குளிர் ரப்பரை இறுக்கும், கால் என்பதும் கெட்டியான எடைக்கல் அல்ல.

குளிர் விஷயம்: அதிர்வை உறிஞ்சவென்றே விற்கிற மென்மையான பாலியூரித்தேன் பல, பூச்சியத்துக்குக் கீழே போனால் இறுகிவிடும். ஒரு துண்டை ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, காலையில் எடுத்தவுடன் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியவில்லை என்றால் அது மலைக்கு உதவாது. ஈபிடிஎம் (ஒரு செயற்கை ரப்பர்) அல்லது இயற்கை ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். இயற்கை ரப்பர் அதிர்வை அவ்வளவாக உறிஞ்சாது என்பார்கள். உண்மைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதிர்வை மேலே ஏறவிடாமல் பிரிப்பது, அதற்கு அது போதும்.

ஒன்ராறியோ_லேத்:

தம்பி, மேலே எழுதியவர் சொன்னது அத்தனையும் சரி. நான் இங்கே கனடாவில் சிஎன்சி (கணினி இயக்குகிற உலோகம் வெட்டும் மெஷின்) வேலை செய்கிறேன், கொலிங்வுட் பக்கம் ஐஸில்தான் கார்விங். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும், அதைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண்.

போர்டில் இன்சர்ட்கள் 40 மி.மீ. சதுரத்தில் இருக்கின்றன. ரப்பரையும் அதே துளைகளில் வைத்தால் உங்கள் அடித்தளத்தின் அகலம் 40 மி.மீ.தான். எட்ஜ் போடும்போது பூட் பக்கவாட்டில் திருகும். 50 நியூட்டன் மீட்டர் திருகல் என்று வைத்தால், அந்த ரப்பரில் பிளேட் 7 பாகைக்கு மேலே சரியும். நீங்கள் காலைச் சாய்த்துவிட்டுப் போர்ட் எப்போது சாயும் என்று காத்துக்கொண்டு நிற்பீர்கள். அதே ரப்பரை 130 மி.மீ. அகலத்துக்கு விரித்து வைத்தால் சரிவு ஒரு பாகைக்கும் குறைவு. ரப்பர் மாறவில்லை, இடம்தான் மாறியது.

ஆகவே இரண்டு தகடு செய்யுங்கள். கீழ்த்தகடு 5 மி.மீ., இன்சர்ட்டில் நேராக இறுக்கியது, நடுவில் ரப்பரே வேண்டாம். அதை அகலவாக்கில் விரித்து, நீளவாக்கில் கட்டையாக வையுங்கள், இல்லாவிட்டால் போர்ட் வளைகிற இடம் செத்துப்போகும். மேல்தகட்டில் பைண்டிங். இரண்டையும் நான்கு மூலையில் ரப்பர் சேர்க்கிறது. மேல்தகட்டுக்குக் கீழே 10 மி.மீ. துண்டு, மேலே 5 மி.மீ. துண்டு, அதற்கு மேல் பெரிய வாஷர். மேல் துண்டு கட்டாயம் வேண்டும், குதிகால் மேலே இழுக்கும்போது அதுதான் பிடிக்கும். மேல்தகடு 8 மி.மீ. என்றால் மொத்தம் 23. இரும்புக் குழாயை 21.5க்கு வெட்டினால் ரப்பர் பத்து வீதம் அமுங்கி நிற்கும், போல்ட் குழாயில் இறுகும். குழாயின் வெளி விட்டம் 10 என்றால் தகட்டுத் துளை 14, நடுவில் ஒரு ரப்பர் வளையம். உலோகம் உலோகத்தைத் தொட்டால் திரும்பப் பழைய கதைதான்.

மேல்தகட்டுக்கு 6061 வேண்டாம், 7075 எடுங்கள். விறைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் 7075 வளைந்து மடிவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விசை வேண்டும். பைண்டிங் போல்ட் இறங்கும் இடத்தில் அலுமினியத்தில் நேராக மரை வெட்டாமல், எஃகு மரைச்சுருள் போடுங்கள். துளை விளிம்புகளை வடிவாகத் தேய்த்து மழுக்குங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். இன்சர்ட்டின் ஆழத்தை அளந்து போல்ட்டை வெட்டுங்கள். நீளம் கூடினால் போர்டின் அடிப்பக்கம் புடைக்கும்.

நீங்கள் விழுந்தாலும் இந்த பைண்டிங் கழலாது என்பது உங்களுக்குத் தெரியும். தகடு உடைந்து ஒரு கால் மட்டும் கழன்றால் முழங்கால் போய்விடும். முதலில் ஆளில்லாத சாய்வில் மெதுவாக ஓட்டி, கழற்றிப் பாருங்கள்.

சென்காலன்_கார்வர்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி அண்ணாமார். ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன், ஷீட் தகடு மாதிரி ஆகிவிட்டது. நகம் பதியவே இல்லை. ஈபிடிஎம் வாங்கி, அண்ணா சொன்ன இரண்டு தகட்டு முறையில் வரையத் தொடங்கியிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஸ்குவோலில் உலகக் கோப்பைப் பந்தயம் பார்க்கப் போனால், வீரர்கள் இரண்டு பைண்டிங்கையும் ஒரே நீளமான பிளேட்டில் பூட்டியிருக்கிறார்கள். அது ஏன்? நானும் அப்படியே செய்தால் என்ன?

ஒன்ராறியோ_லேத்:

அதன் நோக்கம் வேறு, தம்பி. நீள பிளேட் பாலம் மாதிரி நிற்கும். கால்கள் பாலத்தில், போர்ட் கீழே தன் பாட்டில் வளையும். அந்த ஒரு மீட்டர் இடைவெளி மேடுபள்ளம் இருக்கிறதே, ரப்பரால் தடுக்க முடியாது என்று மேலே சொன்னது, அதைச் சமாளிக்கிறது இதுதான்.

ஆனால் ஒரு முனை கட்டாயம் வழுக்க வேண்டும். போர்ட் 6 மீட்டர் ஆரத்துக்கு வளைகிறது, பிளேட்டைப் போர்டில் பூட்டுகிற இரண்டு பிடிகள் 60 செ.மீ. இடைவெளியில், பிளேட் போர்டின் தடிப்பின் நடுவிலிருந்து 15 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பிடிகள் ஒன்றையொன்று நோக்கிச் சுமார் 1.75 மி.மீ. நெருங்கும். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் அந்த அசைவுக்குப் போக இடம் இல்லை, இன்சர்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு முனை கீல் மாதிரி, மறுமுனையில் இரண்டு பக்கமும் 4 அல்லது 5 மி.மீ. ஓடுகிற நீள்துளை, அதில் அசிற்றல் எனும் வழுக்குகிற பிளாஸ்டிக்கில் ஒரு புஷ் (உள்வளையம்). துளையின் முனைகள் அரைவட்டமாகவே இருக்க வேண்டும்.

முதல் முயற்சிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். எடையும் உயரமும் கூடும், எட்ஜ் மாற்றுவது மந்தமாகும். முதலில் சின்ன பிளேட் இரண்டையும் செய்து, எது மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

சென்காலன்_கார்வர்:

செய்து ஓட்டியாயிற்று. கூர்மையான நடுக்கம், பூட்டுக்குள் பாதம் விறைக்கிற மாதிரி இருந்ததே, அது நன்றாகக் குறைந்துவிட்டது. காலையில் இறுக்கிய போல்ட் மாலையிலும் அப்படியே இருக்கிறது. பெரிய மேடுகளின் குலுக்கல் மாறவில்லை, நீங்கள் சொன்னபடியே. எட்ஜ் பிடிக்கிறது முன்பைவிடத் துளி மெதுவாகத் தெரிகிறது, ஆனால் இப்போது பிடித்தால் விடுவதில்லை.

புதுசாக ஒன்று: இரண்டு தகட்டுக்கும் நடுவில் பனி புகுந்து இறுகி, மத்தியானத்துக்குப் பிறகு மறுபடி கட்டை மாதிரி ஆகிறது. ரப்பரைச் சுற்றி ஐஸ் வளையம் கட்டி நிற்கிறது.

மியூனிக்_மெக்கானிக்கல்:

ரப்பர் பிதுங்க விட்ட இடத்தை ஐஸ் நிரப்பிவிட்டது. தண்ணீர் உறிஞ்சாத, மூடிய துளைகள் கொண்ட ஈவிஏ ஃபோமை (மென்மையான பிளாஸ்டிக் நுரை) அந்த இடைவெளியைவிட ஒன்றிரண்டு மி.மீ. கூடத் தடிப்பாக வெட்டித் திணியுங்கள். அது மென்மையானது, ரப்பரின் வேலையில் குறுக்கிடாது. கீழ்த்தகட்டில் மட்டும் ஒட்டுங்கள், மேலே ஒட்ட வேண்டாம். ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் குடிக்கிற ஃபோம் போட்டால் அதுவே ஐஸ் கட்டியாகிவிடும், கவனம்.

ஒன்ராறியோ_லேத்:

நானும் அதையேதான் போட்டிருக்கிறேன். ரப்பரைச் சுற்றி 5 மி.மீ. விட்டு வெட்டுங்கள் தம்பி, ரப்பரோடு ஒட்டி வெட்டினால் அது பிதுங்க இடமிருக்காது. வெட்டுகிற அட்டை மாதிரியை எடுத்து வையுங்கள், சீசனுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டி வரும்.