"12 காலி" என்றால் ஏஜென்ட் எதைக் காலி பண்ணும்?

காட்பாடி ஜங்ஷன்:

வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜுக்கு புக்கிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தேன். அங்கே தங்குவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். கொல்கத்தா, ராஞ்சி என்று எங்கிருந்தோ வந்து இரண்டு நாளைக்கு அறை எடுப்பார்கள், ரிப்போர்ட் வராமல் இருபது நாள் ஆகிவிடும். அதில் ஒரு ஏஐ ஏஜென்ட்டைச் சேர்த்தோம். ரிசப்ஷன் பையன் வாட்ஸ்அப்பில் தமிழில் அடிப்பான். டூல் என்றால் ஒரு வேலையைச் செய்யும் சின்ன புரோகிராம். அதன் பெயரையும் நாம் எழுதிய விளக்கத்தையும் பார்த்து ஏஜென்ட் ஏற்றதைக் கூப்பிட்டு வேலையை முடிக்கும்.

டூல்களில் ஒன்று கிளியர்_ரூம். டெஸ்டிங் சமயத்தில் பொய் டேட்டாவைத் துடைக்க எழுதி, எடுக்க மறந்தது. விளக்கம் ஒரே வரி: "அறையை கிளியர் செய்யும்." அந்த அறையின் எல்லா புக்கிங்கையும் அட்வான்ஸ் ரசீதோடு அழித்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஏஜென்ட்டுக்கு யார் சொன்னது?

ஒரு நாள் காலை பையன் "12 காலி" என்று அனுப்பினான். தங்கியிருந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், அவ்வளவுதான். செக்அவுட் என்று தனி டூல் இருந்தும், "காலி"க்குப் பக்கத்துச் சொல்லாக ஏஜென்ட்டுக்குப் பட்டது கிளியர். மதியம் ஒரு வயதான தம்பதி, எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்தபடி, 12-க்கு அட்வான்ஸ் கட்டியிருக்கிறோம் என்று வந்து நிற்கிறார்கள். ஸ்க்ரீனில் ஒன்றுமே இல்லை. ரசீது மகன் போனில். மகன் ரயிலில், சிக்னல் இல்லை. முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் என் மானம் தப்பியது.

இப்போது இருக்கும் விளக்கத்தை அப்படியே போடுகிறேன்:

"ஒரு அறையின் எல்லா புக்கிங்குகளையும், இனி வரப்போகிறவற்றையும் சேர்த்து, அட்வான்ஸ் ரசீதுகளோடு நிரந்தரமாக அழிக்கும். திரும்ப எடுக்க முடியாது. விருந்தினர் கிளம்பிவிட்டால் ('காலி', 'வெக்கேட்') இதைக் கூப்பிடாதே, செக்அவுட் டூலைக் கூப்பிடு. அறையைச் சுத்தம் செய்ய ஹவுஸ்கீப்பிங் டூல். ஓனர் அறை எண் சொல்லி அழிக்கச் சொன்னால் மட்டும், எத்தனை புக்கிங் போகும் என்று காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு கூப்பிடு."

பெயரும் டெலிட்_ஆல்_புக்கிங்ஸ்_ஃபார்_ரூம் ஆகிவிட்டது. நீளம்தான், இருக்கட்டும்.

ஆம்பூர் லெதர்:

அண்ணா, உங்கள் டூல் பெயரிலாவது கொஞ்சம் முரட்டுத்தனம் இருந்தது. என்னுடையது சாதுவான பெயர்: மெர்ஜ்_கஸ்டமர். "ஒரே வாடிக்கையாளரின் இரண்டு பதிவுகளைச் சேர்க்கும்" என்று எழுதியிருந்தேன்.

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள் இல்லையா, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. அதனால் எங்கள் லிஸ்டில் ஒரே பார்ட்டிக்கு "ஆம்பூர், வேலூர் மாவட்டம்" என்று ஒரு பதிவு, "ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்" என்று இன்னொன்று. இரட்டைப் பதிவுகளைச் சரிசெய் என்று ஏஜென்ட்டிடம் சொன்னேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அந்த டூல் அழிக்கும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. புது முகவரி நின்றது. பழைய பாக்கி இருந்த பதிவு போயே போச்சு. சேர்த்து வைப்பது என்றால் கல்யாணம் மாதிரி கேட்கிறது, உள்ளே ஒரு ஆள் காணாமல் போகிறான்.

அதற்கப்புறம் டெலிட் என்று பெயர் உள்ளவற்றை விட சிங்க், ரீசெட், ரீப்ளேஸ், ஆர்க்கைவ் என்று இருப்பவற்றைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்.

சத்துவாச்சாரி அக்கா:

தம்பிகளா, நான் எதிர்ப்பக்கம் போய் மாட்டியவள். எல்லா டூலுக்கும் "ஆபத்து! உறுதி செய்யாமல் இயக்காதே" என்று போட்டேன், பில்லை பிரிண்ட் எடுக்கும் டூலுக்கும் சேர்த்து. ஏஜென்ட் எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்க ஆரம்பித்தது. கணக்கு பார்க்கும் பெண் மூன்றாம் நாளே படிக்காமல் ஓகே, ஓகே என்று தட்டப் பழகிவிட்டாள். நிஜமான அழிப்பு வந்தபோதும் அதே ஓகே. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது உண்மையிலேயே அழிக்கும் நான்கு டூல்களுக்கு மட்டும் எச்சரிக்கை. எம்சிபி (டூல்களை ஏஜென்ட்டோடு இணைக்கும் பொது விதிமுறை) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: 2025 மார்ச் பதிப்பிலிருந்து டூலோடு, அது அழிக்குமா என்று சொல்ல டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட் என்று ஒரு குறிப்பு வைக்கலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் டூல் அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ளப்படும். வெறுமனே படிக்கும் டூலுக்கு ரீட்ஒன்லிஹின்ட் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. ஆனால் பெயரிலேயே இருக்கிறது, இவை குறிப்புகள்தான். வேறு யாரோ எழுதிய, டூல்களைத் தரும் சர்வரில் "இது அழிக்காது" என்று போட்டிருந்தால் நம்பி உட்காராதீர்கள். என் ஏஜென்ட் நுழையும் டேட்டாபேஸ் யூசருக்கு டெலிட் உரிமையே கிடையாது. அந்த நான்கு டூலும் தனி யூசரில் ஓடுகின்றன.

ஆம்பூர் லெதர்:

அண்ணா, விளக்கம் தமிழிலா, ஆங்கிலத்திலா?

காட்பாடி ஜங்ஷன்:

உள்ளே ஆங்கிலம்தான் தம்பி, இங்கே போடத் தமிழாக்கினேன். "காலி"யை மட்டும் அங்கேயும் தமிழிலேயே சேர்த்திருக்கிறேன், பையன் அடிப்பது அதைத்தானே. இன்றைக்கும் "12 காலி" என்றுதான் அனுப்புகிறான், ஒழுங்காக செக்அவுட் விழுகிறது. நேற்று "மாடி டேங்க் காலி" என்று அனுப்பியிருக்கிறான். அதற்கு என்னிடம் டூல் இல்லை, மோட்டார் போடச் சொல்லுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.