அமெரிக்காவுல மார்பரி கேஸுக்கு முன்னாடியே ஸ்டேட் கோர்ட்ல சட்டத்த செல்லாதுன்னு சொல்லிருக்காங்களா?

காரைக்குடி லா ரெண்டாம் வருஷம்:
வணக்கம். கிளாஸ்ல ஜுடிசியல் ரிவ்யூன்னா (சட்டசபை போட்ட சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம்னா கோர்ட் அத செல்லாதுன்னு சொல்றது) 1803, மார்பரி எதிர் மாடிசன், அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தலைமை ஜட்ஜ் ஜான் மார்ஷல், அவ்ளோதான்னு முடிச்சுட்டாங்க. நேத்து அப்பச்சியோட சிநேகிதர் ஒருத்தர், தேவகோட்டை கோர்ட்ல ரொம்ப வருஷம் வக்கீலா இருந்தவக, எங்க வீட்டு முகப்புல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே "அடப்போப்பா, அதுக்கு முன்னாடியே அங்க ஸ்டேட் கோர்ட்டுக பண்ணிருச்சு, கசாப்புக்கடைக்காரன் கேஸ படி"ன்னு சொல்லிட்டு கெளம்பிட்டாக. அது எந்த கேஸுன்னு யாருக்காச்சும் தெரியுமா?

பேரேடு:
ட்ரெவெட் எதிர் வீடன் தம்பி, 1786, ரோட் ஐலண்ட். நம்ம ஊர்க்காரவுகளுக்கு சட்டுனு புரியுற கேஸ், ஏன்னா மொத்தமும் கடன் விவகாரம். சுதந்திரப் போர் முடிஞ்சு விவசாயி எல்லாம் கடன்ல முழுகிக் கெடக்கான், சட்டசபை ஒரு லட்சம் பவுண்டுக்கு காகித நோட்டு அடிச்சு நிலத்து மேல கடனா குடுத்துச்சு, நோட்டு மதிப்பு மளமளன்னு எறங்குது, கடன் குடுத்தவன் வாங்க மாட்டேங்குறான். உடனே வாங்கலைன்னா அபராதம்னு ஒரு சட்டம், அதுக்கு மேல ஜூரியும் (தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு) கெடையாது அப்பீலும் கெடையாதுன்னு இன்னொண்ணு. நியூபோர்ட்ல ஜான் வீடன்ங்குற கசாப்புக்கடைக்காரர் கறிக்கு அந்த நோட்ட வாங்க மாட்டேன்னுட்டார், ட்ரெவெட்ங்குறவர் கேஸ் போட்டுட்டார். வீடனுக்கு ஆஜரானவர் ஜேம்ஸ் வார்னம். ஜூரி இல்லாம தண்டிக்குற சட்டம் சட்டமே இல்லைன்னு வாதாடினார், கோர்ட் சட்டத்த தூக்கி எறிஞ்சிருச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. ஏன் இப்படி பண்ணினீங்கன்னு சட்டசபை ஜட்ஜுகளயே கூப்பிட்டு விசாரிச்சுச்சு. அங்க ஜட்ஜ வருஷா வருஷம் சட்டசபைதான் நியமிக்கும், மறுவருஷம் அஞ்சு பேர்ல நாலு பேருக்கு வேலை போச்சு.

ரெண்டாங்கட்டு:
அண்ணே கோச்சுக்காதீக, "தூக்கி எறிஞ்சிருச்சு"ங்குறது கொஞ்சம் ஜாஸ்தி. அந்த கோர்ட் தீர்ப்பா சொன்னது இந்தப் புகாரை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லைங்குறது மட்டுந்தான், சட்டம் செல்லாதுங்குறது வார்னம் வாதம், அவரே அத புத்தகமா போட்டுத்தான் ஊரெல்லாம் பரவுச்சு. அதுவும் போக அப்ப ரோட் ஐலண்ட்ல புதுசா எழுதின அரசியலமைப்பே கெடையாது, 1663ல இங்கிலாந்து ராஜா குடுத்த சாசனத்த வச்சே ஓட்டிக்கிட்டு இருந்தாக.

எனக்கு கேட்டா பேயார்ட் எதிர் சிங்கிள்டன்தான் நல்ல கேஸ், நார்த் கரோலினா, 1787. பிரிட்டிஷ் பக்கம் போனவுக சொத்த அரசாங்கம் பறிமுதல் பண்ணி வித்துருச்சு, வாங்கினவன் மேல எவனாச்சும் கேஸ் போட்டா ஜூரி கிட்டயே போகாம தள்ளுபடி பண்ணிரணும்னு 1785ல சட்டம் போட்டாக. எலிசபெத் பேயார்ட்ங்குற அம்மா அப்பா வழி சொத்த கேட்டு கோர்ட்டுக்கு போச்சு, சொத்து வழக்குல ஜூரி உண்டுன்னு எழுதி வச்ச அரசியலமைப்புக்கு இது விரோதம்னு சொல்லி ஜட்ஜுக அந்த சட்டத்த ஓரமா வச்சுட்டாக. ஆனா கடைசியில ஜூரி சிங்கிள்டன் பக்கமே தீர்ப்பு சொல்லிருச்சு, சொத்து வரல! எங்க அய்யா பர்மாவுல விட்டுட்டு வந்த நெலத்துக் கணக்கு இன்னும் பெட்டகத்துலதான் கெடக்கு, அதனால இந்த கேஸ் படிக்குறப்ப எனக்கு அந்தம்மா பக்கம்தான் மனசு போகும். அந்தம்மாவுக்கு வாதாடின ஜேம்ஸ் ஐரடெல் பின்னாடி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆனார்.

காரைக்குடி லா ரெண்டாம் வருஷம்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்ப ஏன் எல்லாரும் மார்பரியவே சொல்றாங்க? பரீட்சையில எத எழுதறது?

பேரேடு:
ரெண்டாங்கட்டு சொன்ன திருத்தம் சரிதான், ஒத்துக்குறேன். தம்பி, அப்ப தீர்ப்ப அச்சடிக்குற வழக்கமே இல்ல, அமெரிக்காவுல மொதல் தீர்ப்புத் தொகுப்பே 1789லதான், கனெக்டிகட்ல கெர்பி போட்டது. நியூஜெர்சியில 1780ல ஹோம்ஸ் எதிர் வால்டன்னு ஒரு கேஸ், ஆறு பேர் ஜூரி போதாதுன்னு, அதுல கோர்ட் என்ன காரணம் சொல்லுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை. மார்ஷல் சொன்னது நாடு முழுசுக்கும் உள்ள சுப்ரீம் கோர்ட்ல, காரணத்தையும் விலாவாரியா எழுதி வச்சாரு. பரீட்சையில மார்பரிய எழுது, அதுக்கு முன்னாடி பேயார்ட் ஒரு பாரா போடு.

ரெண்டாங்கட்டு:
1803க்கு அப்புறமும் ஸ்டேட்டுகள்ல இந்த சட்டசபை-கோர்ட் சண்டை அடங்கலைங்குறதையும் சேத்துக்கோங்க. ஓஹையோவுல சட்டத்த செல்லாதுன்னு சொன்னதுக்காக 1809ல ரெண்டு ஜட்ஜுகள பதவி நீக்க விசாரணைக்கு இழுத்தாக, ஒரே ஒரு ஓட்டுல தப்பிச்சாக. கென்டக்கியில கடன் நிவாரண சட்டத்த செல்லாதுன்னு சொன்ன கோர்ட்டையே 1824ல கலைச்சுட்டு புதுக் கோர்ட் வச்சாக, பழைய கோர்ட் கலைய மாட்டேன்னுருச்சு, 1826 வரைக்கும் ரெண்டு கோர்ட்! இங்கயும் 1938ல ராஜாஜி கொண்டாந்த விவசாயிகள் கடன் நிவாரண சட்டத்த எதுத்து சுப்ரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன்னு ஒரு கேஸ், அப்ப இந்தியாவுக்குள்ள உச்ச கோர்ட்டா இருந்த பெடரல் கோர்ட் வரைக்கும் போச்சு, 1940ல தீர்ப்பு, சட்டம் செல்லும்னு ஆயிருச்சு. தேவகோட்டை வக்கீலய்யாகிட்ட அத கேளுங்க, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசுவாக.