இழை: உறுப்பு மாற்றுக்குப் பின் உண்ணும் மருந்துக்கு என்ன பெயர்?

செ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பக்கத்துக்குப் பக்கம் வரும் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: இம்யூனோசப்ரசன்ட். பிறர் உறுப்பை உடல் தாக்கி அழித்துவிடாமல் இருக்க, அந்த உறுப்பு வேலை செய்யும் காலமெல்லாம் விடாமல் உண்ண வேண்டிய மருந்து. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைக்கோஃபீனோலேட், அசதயோப்ரின் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுப்பெயர் வேண்டும். "தடுப்பாற்றல் ஒடுக்கி", "நோயெதிர்ப்பு ஒடுக்கி" என்றெல்லாம் புழங்குகின்றன. வேகமாகப் படிப்பவர் கண்ணில் "நோயெதிர்ப்பு" மட்டும் பட்டு, நோயை எதிர்க்கும் மருந்து என்று எடுத்துக்கொண்டால்? உதவுங்கள்.

மா. எழுதியது:

ஏமம் என்ற சொல் இருக்க, நோயெதிர்ப்பு என்று ஏன் இழுக்க வேண்டும்? "பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம் அணியென்ப நாட்டிற்கிவ் வைந்து" (738). பிணியின்மையும் ஏமமும் ஒன்றல்ல என்று வள்ளுவரே தனித்தனியாக எண்ணிவைத்திருக்கிறார். நோய் இல்லாதிருப்பது வேறு, காவல் வேறு. உடலின் காவல் ஏமம். அதை ஒடுக்குவது ஏமவொடுக்கி. ஒரே மூச்சில் சொல்லலாம். ஏமத்திலிருந்து ஏமவியல், ஏமக்குறை என்று குடும்பமே பிறக்கும். "நோயெதிர்ப்பாற்றல்" மலட்டுச் சொல், அதிலிருந்து எதுவும் பிறக்காது.

இரா. எழுதியது:

வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் நிர்ப்பீடனம் என்று பாவிக்கிறோம். பள்ளியில் படித்த யாருக்கும் வடிவாக விளங்கும். நிர்ப்பீடன அடக்கி என்று போட்டால் என்ன குறை?

மா. எழுதியது:

நிர் வடமொழி, பீடனமும் வடமொழி. குறை எங்கே என்று கேட்கிறீர்களே ஐயா!

இரா. எழுதியது:

ஏமம் தமிழ்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டால் நாலு பேரில் மூன்று பேருக்கு ஏமாற்றம் என்றுதானே காதில் விழும்? பொன்னுக்கும் ஏமம் என்று பெயர் உண்டு. பொன்னை ஒடுக்கும் மருந்தா இது?

கோ. எழுதியது:

முன்பாதிச் சண்டை நடக்கட்டும். பின்பாதியை யாரும் பார்க்கவில்லையே. "அடக்கி" கூடவே கூடாது. அடக்கம் என்றால் பண்பும் உண்டு, சவ அடக்கமும் உண்டு. உயிருக்குப் போராடி மீண்டவர் கையில் கொடுக்கும் கையேடு இது. "கொல்லி"யும் ஆகாது. டாக்ரோலிமஸ் வகை மருந்துகள், அயலைத் தாக்கும் வெள்ளையணுக்களான டி அணுக்களைக் கொல்வதில்லை. அந்த அணுக்களைப் பெருகச் சொல்லும் இன்டர்லூக்கின் 2 என்ற கட்டளை பிறக்காமல் இடையிலேயே மறிக்கின்றன. ஆள் இருக்கிறார், அழைப்பு வரவில்லை.

"ஒடுக்கி" சரி என்பேன். இன்றைய காதுக்கு ஒடுக்குமுறை நினைவு வரும்தான். ஆனால் "ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து" (486). சண்டைக் கிடா பின்வாங்குவது ஓடுவதற்கல்ல, பாய்வதற்கு. வலிமை அழியாமல் பின்னுக்கு நிற்பதுதான் ஒடுக்கம். மருந்தை நிறுத்தினால் கிடா பாயும். இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

ந. எழுதியது:

கோ. ஐயா, கிடா பாய்வதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். மாற்று அறுவை செய்தவர்களுக்கு இந்த மாத்திரைகளை விளக்குவது என் வேலை. அவர்கள் யாரும் ஏமம் என்றோ நிர்ப்பீடனம் என்றோ சொல்வதில்லை. "ரிஜெக்‌ஷன் மாத்திரை" என்பார்கள், அல்லது "கிட்னி மாத்திரை". உடம்பு நன்றாக இருக்கிறதே, இன்னும் எதற்கு என்று தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. "எதிர்ப்பு சக்தி குறையும்" என்று எங்கோ படித்துவிட்டு, அதைக் கூட்டக் கண்ட கஷாயத்தையும் குடிப்பவர்கள் உண்டு. இரண்டுமே உறுப்பைப் பறிக்கக்கூடியவை. சொல் எதுவானாலும், நிறுத்தினால் திரும்பி வரும் என்ற பொருள் அதிலேயே தெரிய வேண்டும். அதற்குக் குறள் படித்திருக்க வேண்டும் என்று நான் நிபந்தனை போட முடியாது.

இன்னொன்று: எல்லா மருந்தும் அழைப்பை மறிப்பவை அல்ல. அசதயோப்ரினும் மைக்கோஃபீனோலேட்டும் அணு பெருகத் தேவையான பியூரின் ஆக்கத்தில் கைவைக்கின்றன. அறுவை நேரத்தில் ஊசியாகக் கொடுக்கும் தைமோகுளோபுலின் டி அணுக்களை அழிக்கவே செய்கிறது. பொதுப்பெயர் இவை அனைத்தையும் தாங்க வேண்டும்.

தி. எழுதியது:

நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். "நோய்" என்ற சொல் இங்கே எப்படி வந்தது? மாற்றுச் சிறுநீரகம் நோயா? 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்தார். ஒரே கருவில் பிளந்த இரட்டையர், ஆகவே இந்த மருந்து எதுவும் இல்லாமலே உடல் ஏற்றுக்கொண்டது. உடல் எதிர்ப்பது நோயை அல்ல, அயலை. மாற்று உறுப்பு என்கிறோம். மாற்றான் என்றால் பகைவன் என்ற பொருளும் தமிழிலேயே இருக்கிறது! அயலெதிர்ப்பு என்று தொடங்கினால் எல்லாம் நேராகும். அல்லது பயனைச் சொல்லி "ஏற்பு மருந்து" என்றே வைக்கலாமே.

ந. எழுதியது:

ஏற்பு மருந்து நோயாளிக்குப் பிடிக்கும். ஆனால் இதே மருந்துகளை லூபஸ், முடக்குவாதம் முதலியவற்றுக்கும் கொடுக்கிறோம். அங்கே எதை ஏற்பது? அயலும் இல்லை, தன் உடலையே உடல் தாக்குகிறது. மேலும் "ஏற்பு" என்ற இனிப்பு, தொற்று எளிதில் வரும் என்ற எச்சரிக்கையை மறைத்துவிடும். காய்ச்சல் வந்தால் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் இவர்கள்.

மா. எழுதியது:

இடையில் ஒன்று. செ. தம்பி "டாக்ரோலிமஸ்" என்று எழுதியிருக்கிறார். தொல்காப்பியர் வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடவெழுத்தை நீக்கி, என்றார். சொல்லின் முதலில் டகரமும் வராது. தாக்குரோலிமசு என்று எழுதுக.

கோ. எழுதியது:

தாக்கு! உறுப்பைத் தாக்காமல் காக்கும் மருந்தின் தலையிலேயே தாக்கு. நன்று ஐயா, நன்று.

தி. எழுதியது:

அந்தப் பெயரே ஒட்டுப்போட்டதுதான். ஜப்பானில் த்சுகுபா என்ற இடத்து மண்ணில் 1984இல் கிடைத்த நுண்ணுயிரி தந்த பொருள். த்சுகுபாவில் ஒரு துண்டு, மேக்ரோலைடு என்ற வேதிப்பொருள் வகையின் பெயரில் ஒரு துண்டு, நாம் இங்கே அடித்துக்கொள்ளும் இம்யூனோசப்ரசன்ட்டில் ஒரு துண்டு. இன்னொரு இம்யூனோசப்ரசன்ட்டான சிரோலிமஸுக்கு மறுபெயர் ராப்பமைசின். ஈஸ்டர் தீவை அங்கத்தவர்கள் ராப்பா நூயி என்பார்கள், மருந்து அந்த மண்ணில் கிடைத்தது. சைக்ளோஸ்போரின் பூஞ்சை நார்வே மண்ணிலிருந்து வந்தது. கூப்பிடுவதற்கு வசதியாக அவர்கள் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். நாம் ஐங்குறுநூற்றில் இருக்கிறதா என்று தேடுகிறோம்.

ந. எழுதியது:

மருந்தின் பெயரில் கைவைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெட்டியில் இருக்கும் பெயரை வாயால் சொல்லித்தான் கடையில் வாங்குகிறார்கள். தாக்குரோலிமசு என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பாரோ.

கோ. எழுதியது:

ந. அம்மா கேட்ட நிபந்தனையை இரவெல்லாம் யோசித்தேன். நிறுத்தினால் திரும்பி வரும் என்பது தெரிய வேண்டும். தமிழில் அதற்கு எல்லாருக்கும் தெரிந்த வினை ஒன்று இருக்கிறது: தணிதல். காய்ச்சல் தணிந்தது என்றால் போய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை. மருந்தின் வேகம் இறங்கினால் மறுபடி ஏறும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒடுக்கியைக் கைவிடுகிறேன், கிடாவுக்கு என் வணக்கம். முருகன் செரு தணிந்து அமர்ந்த இடம் செருத்தணி, அதுவே திருத்தணி ஆயிற்று என்பார்கள். உடலுக்குள் நடப்பதும் செருதான். செருத்தணிப்பி என்று சொன்னால்...

ந. எழுதியது:

தணிப்பு போதும் ஐயா. செரு வேண்டாம்.

இரா. எழுதியது:

தணிப்பு எங்களுக்கும் சரி. முன்னால் நிர்ப்பீடனம் வராது என்று விளங்குகிறது. வருத்தம்தான்.

செ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. "நோயெதிர்ப்புத் தணிப்பு மருந்து" என்று வைத்துவிட்டேன். தி. சொன்ன "அயலெதிர்ப்பு"தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கையேட்டைப் படிப்பவருக்கு "நோயெதிர்ப்பு" ஏற்கெனவே பழகிய சொல், வெள்ளிக்கிழமைக்குள் அதை மாற்ற என்னால் ஆகாது. முதல் முறை வரும் இடத்தில் "நிறுத்தினால் உடலின் எதிர்ப்பு மீண்டும் கிளம்பி உறுப்பைத் தாக்கும்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். ரிஜெக்‌ஷனுக்கு "உறுப்பு மறுப்பு" என்று போட்டிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்க வேண்டாம்.

தி. எழுதியது:

நோய் அல்லாததை எதிர்ப்பதற்கு நோயெதிர்ப்பு. சரி, பெரும்பான்மை.

மா. எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குறித்துக்கொள்க. ஏமம் கடினம் என்கிறீர்கள். ஆன்டிஜெனுக்குப் "பிறபொருளெதிரியாக்கி" என்று இணையமெங்கும் எழுதி வைத்திருக்கிறோம். அதை மூச்சுவாங்காமல் படிக்கிறவர் நாவுக்கு இரண்டரை எழுத்து ஏமம்தானா கசக்கிறது? உறுப்பு மறுப்பிலும் எனக்குக் கருத்து உண்டு. தனி இழையில் எழுதுகிறேன்.